மைனஸ் 10-இல் சைக்கிள்: டயர் தொய்யுது, விரல் மரக்குது

கேள்வி: டொராண்டோ. வீட்டுக்குள்ள 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடிச்சாலும் வெளியே டயர் தொய்யுது. கால்விரல் மரத்துப்போகுது. தினமும் அதிகமா ஓட்டி உடம்பும் ஒரேயடியா சோர்ந்துகிடக்கு. குளிர்காலம் முழுக்க ஓட்டலாமா?

பதில் 1: பஞ்சர் இல்லைங்க. 20 டிகிரியில அடிச்ச 60, மைனஸ் 10-இல் 52 பக்கம் இறங்கிடும். குளிர்ல காற்றழுத்தம் குறையுறதுதான். வெளியே வச்சு அளந்து அடிங்க. ஐஸ்னா முன்சக்கரத்துக்காவது ஆணி டயர் (வழுக்காம பிடிக்க சின்ன ஆணி பதிச்சது) வேணும். முன்னாடி வழுக்கினா சமாளிக்கவே முடியாது.

பதில் 2: ரெண்டு சாக்ஸ் திணிக்காதீங்க. ஷூ இறுகி ரத்த ஓட்டம் குறையும், இன்னும் மரக்கும். ஒரே கம்பளி சாக்ஸ், அரை சைஸ் பெரிய ஷூ. ஐஸ் உருக ரோட்டுல தூவுற உப்பு செயினை அரிச்சிடும். வந்ததும் துடைச்சு, காயவிட்டு, எண்ணெய் போடுங்க.

பதில் 3: சோர்வு தீர, முதல்ல ரெண்டு வாரம் சைக்கிளைத் தொடாதீங்க. அப்புறம் வாரம் 3 நாள், மூச்சு வாங்காம பேசுற வேகம். காலையில எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 7, 8 கூடுதலா இருந்தா அன்னிக்கு சைக்கிள் ஓட்டவே வேண்டாம், தூங்குங்க.