மாமரத்தடியில் நிற்கும் அக்வா: கார் செய்யும்போதே கழற்றும் வழியையும் சட்டம் கேட்க வேண்டாமா?

கோண்டாவிலான்

எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே ஒரு வெள்ளை ரொயோட்டா அக்வா, பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார், பதினொரு மாதமாக நிற்கிறது. 2013இல் செய்த கார், 2015இல் யப்பானிலிருந்து வந்தது. போன வருடம் இரவில் வவுனியாவிலிருந்து திரும்பும்போது, மாங்குளம் தாண்டி ஏ9 வீதியின் நடுவில் மாடு ஒன்று படுத்திருந்தது. அதற்கு விலக்கப் போய் மதகில் ஏற்றிவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை, மாட்டுக்கும் ஒன்றுமில்லை, காரின் முன்பக்கம்தான் முழுதாகப் போய்விட்டது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே வைத்திருந்தேன் என்பதை அம்மா தினமும் ஒருதரம் நினைவுபடுத்துகிறார்.

போன கிழமை பழைய இரும்பு எடுப்பவர் வந்தார். வந்ததும் குனிந்து பார்த்தது சைலன்சர் பக்கம். புகையைச் சுத்தமாக்கும் கட்டலிற்றிக் கொன்வேட்டர் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திய பிறகுதான் விலையே பேசத் தொடங்கினார். சரி, அதற்குள் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் இருக்கின்றன, கண் அங்கேதான் போகும். காரின் கூட்டை எடுப்பாராம், எஞ்சினை எடுப்பாராம். பம்பர், டாஷ்போட், சீற் பஞ்சு, கண்ணாடி, பின்சீற்றுக்குக் கீழே இருக்கும் ஹைபிரிட் பற்றரி எல்லாம்? "அதுகள் உங்கட காணிக்குள்ளேயே கிடக்கட்டும் தம்பி."

எனக்கு அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 நினைவுக்கு வந்தது. போரில் பெற்றோல் தடையாக இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். ஸ்ராட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல் விடுவார், அந்தச் சின்னப் போத்தலை சாமியறையில் வைத்திருந்தார். 1995 இடப்பெயர்வில் எங்களைச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனதும் அதுதான். திரும்பி வந்து கொஞ்ச நாளில் எஞ்சின் இறுகிவிட்டது. பிறகு நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அச்சும் சில்லும் நீர்வேலியில் மாமாவின் வாழைக்குலை வண்டிக்குப் போயின. ரேடியேற்றரைச் செம்புக்காக ஒருவர் வாங்கினார். பொனற் தகரம் கிணற்று மோட்டருக்குக் கூரையானது. இரண்டு கதவு கோழிக்கூட்டுக்கு. கண்ணாடியின் ரப்பர் பீடிங்கைக் கூட ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். ஒரு மாதத்தில் மரத்தடியில் எண்ணெய்க் கறை மட்டும்தான் மிச்சம்.

ஐரோப்பாவில் 2000ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். புதிய கார் மொடல் ஒன்றுக்கு அனுமதி கேட்டால், அதன் நிறையில் 85 சதவீதம் மீள்சுழற்சி செய்யக்கூடியது என்று கொம்பனி காட்டவேண்டும். எங்கள் அரசாங்கமும் துறைமுகத்தில் வைத்து இப்படி ஒன்றைக் கேட்கலாமா? நாங்கள் கார் செய்கிற நாடு இல்லை, கேட்டால் யார் காதில் விழும் என்பதும் ஒரு கேள்விதான். மாமரத்திலிருந்து கிணறு நாற்பது அடி. சுண்ணாம்புக்கல் நிலம், மேலே ஊற்றியது கீழே போக அதிக நேரம் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள்.

இணுவில் கராஜ்

தம்பி, முதலில் பற்றரி. இரும்புக்காரருக்கு அதன் விலை தெரியாது, அதனால்தான் வேண்டாம் என்றிருக்கிறார். ஒருவருக்கும் சும்மா கொடுத்துவிடாதேயும். அக்வா பற்றரிக்குள் 20 மொடியூல், அதாவது சின்னப் பற்றரிக் கட்டு, ஒன்று 7.2 வோல்ட், மொத்தம் 144. எல்லாம் ஒன்றாகச் சாவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்பைக் கொழுவி லோட் கொடுத்து அளந்தால் எதன் வோல்ட் விழுகிறது என்று தெரிந்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025இல் திறக்கும் வரை நாங்கள் பிழைத்ததே அப்படித்தான்: செத்த பற்றரி மூன்றைப் பிரித்து உயிருள்ள பற்றரி ஒன்று. ஆனால் நீர் கைவைக்க வேண்டாம். செம்மஞ்சள் வயர் கண்டால் தள்ளி நில்லும், 144 வோல்ட் ஆளைக் கொல்லும்.

இனி உமது கேள்வி. கழற்றலாமா என்று கேட்டால் எதையும் கழற்றலாம். எத்தனை மணித்தியாலத்தில் என்று கேட்கவேண்டும். மொரிஸ் மைனரின் முன்கண்ணாடி ரப்பர் பீடிங்கில் நிற்கும், இரண்டு பேர் தள்ளினால் தேத்தண்ணி ஆற முதல் கையில் வந்துவிடும். இப்போது எல்லாம் பசை. அறுத்துத்தான் எடுக்கவேண்டும், எடுத்தாலும் அரைவாசி வெடிக்கும். டாஷ்போட்டில் மேலே ஒரு தோல், நடுவில் பஞ்சு, கீழே கடினப் பிளாஸ்ரிக், மூன்றும் ஒன்றாய் உருகி ஒட்டியிருக்கும். அதை யார் பிரிப்பது?

நல்லதும் இருக்கிறது. உமது பம்பரின் உட்பக்கத்தைப் பாரும், அம்புக்குறிக்கு நடுவில் பிபி என்று அச்சடித்திருக்கும். எந்த வகைப் பிளாஸ்ரிக் என்று பிரிப்பவருக்குச் சொல்லும் எழுத்து அது. எங்கள் ஊரில் அதைப் பார்த்துப் பிரிக்கிற ஆலை நான் கண்டதில்லை, ஆனால் எனக்கு அது பெரிய உதவி. வெடித்த பம்பரை ஒட்ட அதே வகையில் ஒரு கீலம் வெட்டி உருக்கி விடவேண்டும். பிபிக்குப் பிபிதான் பிடிக்கும், ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்ரிக்கை விட்டால் இரண்டு நாளில் கழன்றுவிடும். உடைந்த பம்பர் ஒன்றை நான் எறிந்து பல வருடமாயிற்று.

மோசமான பக்கம் வயர். ஏ40க்கு வயர் ஒரு கைப்பிடி. இப்போது ஒரு காருக்குள் ஓடும் வயரை நிலத்தில் போட்டால் மலைப்பாம்பு மாதிரிக் கிடக்கும். செம்புக்காக அதைப் பனங்காணிக்குள் கொண்டுபோய் எரிக்கிறார்கள், அந்தப் புகையை மூக்கில் வாங்கியவருக்குத் தெரியும். எரிக்காமல் இரும்போடு சேர்த்து நசுக்கி அனுப்பினாலும் கேடு. செம்பு உருக்குக்குள் போனால் பிறகு பிரிக்க முடியாது, அந்த இரும்பு சூட்டில் தட்டும்போது வெடிப்பு விழும். ஏசி காஸ் இன்னொன்று. கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடேற்றும் காஸ் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதற்கு முதல் எத்தனை காரின் பைப்பை நானே திறந்து விட்டிருப்பேன், கணக்கில்லை.

சட்டம் எழுதுபவர் என்னைக் கேட்டால் சதவீதம் சொல்லமாட்டேன். பற்றரி, எயார்பேக், காஸ், வயர், இந்த நாலையும் இரண்டு பேர் ஒரு பகலில் பழுதில்லாமல் கழற்றக்கூடியதாகச் செய், எப்படிக் கழற்றுவது என்ற தாளையும் தா என்பேன்.

டோட்முண்ட் அக்கா

அண்ணை கேட்கும் தாள் இங்கே ஜேர்மனியில் சட்டத்திலேயே இருக்கிறது. புதிய மொடல் சந்தைக்கு வந்து ஆறு மாதத்துக்குள், எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது என்ற விவரத்தைச் செய்த கொம்பனி உரிப்பவர்களுக்குக் கொடுக்கவேண்டும். எங்கள் பழைய கோல்ஃப் காரை உடைக்கக் கொடுக்கும்போது நாங்கள் ஒரு சதமும் கட்டவில்லை. 2007இலிருந்து கடைசிச் சொந்தக்காரரிடம் காசு கேட்கக்கூடாது. கார் அழிக்கப்பட்டது என்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். முதலில் ஒயில், பிரேக் திரவம், காஸ் எல்லாம் வடித்து எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஆனால் 85, 95 என்ற எண்களைக் கண்டு தம்பி மயங்கவேண்டாம். எல்லாம் நிறைக் கணக்கு. காரின் நிறையில் முக்கால்வாசி உலோகம்தான், சட்டம் இல்லாவிட்டாலும் இரும்புக்காரர் அதை விடமாட்டார். 2015இலிருந்து மொத்தம் 95 சதவீதம் மீட்கவேண்டும் என்கிறார்கள், அதில் பத்து வரைக்கும் எரித்து வெப்பம் எடுத்தாலும் கணக்கில் சேரும். எனக்குக் கூடப் பிடித்தது அதே சட்டத்தின் இன்னொரு வரி: 2003 யூலையிலிருந்து சந்தைக்கு வரும் காரில் ஈயம், பாதரசம், கட்மியம், ஆறு வலுக் குரோமியம் இருக்கக்கூடாது. விலக்குகள் உண்டு, பற்றரி ஈயம் அதில் ஒன்று. ஆனாலும் செய்யும் இடத்திலேயே கையைப் பிடித்த சட்டம் அது.

அப்புறம் இங்கே ஒரு வேடிக்கை. கொஞ்சம் பழைய காரை வீதியில் விட்டால் மறுநாள் கண்ணாடியில் "உங்கள் காரை வாங்குகிறோம்" என்று ஒரு சின்ன அட்டை செருகியிருக்கும். விற்றால் அது கப்பலேறிவிடும். வருடத்துக்கு 35 இலட்சம் கார் ஐரோப்பிய வீதிகளிலிருந்து தடமில்லாமல் மறைகின்றன என்று ஐரோப்பிய ஆணைக்குழுவே சொல்கிறது. காரைக் கழற்றும் சட்டம் எழுதிய நாட்டில் கார் நின்றால்தானே.

ஓட்டோ 3456

ஏற்கனவே காரின் விலைக்கு மேல் வரி. இனி மீள்சுழற்சி வரி என்று ஒன்று போட்டால் அந்தக் காசில் கொழும்பில் ஒரு கட்டடம் எழும்பும், உமது அக்வா மாமரத்துக்குக் கீழேயே நிற்கும். சட்டம் வேண்டுமென்றால் வாங்கிய வரியிலிருந்து எடுக்கச் சொல்லும்.

நாகோயா ரிட்டன்

நான் யப்பானில் ஏற்றுமதி யாட் ஒன்றில் எட்டு வருடம் நின்றவன். கோண்டாவில் தம்பி, உம்மிடம் அந்தக் காரின் ஒக்சன் ஷீட், ஏலத்தில் காரின் விவரம் எழுதிய தாள், இருக்கிறதா? இருந்தால் படம் பிடித்து எனக்கு அனுப்பும். காரணம் சொல்கிறேன்.

அங்கே 2002இல் ஒரு சட்டம் வந்து 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கார் வாங்குபவர் வாங்கும்போதே மீள்சுழற்சிக் காசைக் கட்டவேண்டும். மூன்று விடயத்துக்கு அந்தக் காசு: ஏசி காஸ், எயார்பேக், நசுக்கிய பிறகு மிஞ்சும் குப்பை. மூன்றுமே ஒருவரும் விலை கொடுத்து வாங்காத சாமான். இரும்பும் செம்பும் தானாகப் போய்விடும், அதற்குச் சட்டம் தேவையில்லை என்று சரியாகப் பிடித்திருக்கிறார்கள். தெஷிமா என்ற தீவில் அந்தக் குப்பையை வருடக்கணக்காகக் களவாகக் கொண்டுபோய்க் கொட்டி, நாடு முழுக்க நாறிய பிறகு வந்த புத்தி அது.

இதில் எங்களுக்கு வேண்டிய வரி இதுதான். கார் வெளிநாட்டுக்கு ஏற்றப்பட்டால் கட்டிய காசைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். வாங்குவது நாங்கள் இல்லை, ஏற்றுமதி செய்பவர். நான் நின்ற இடத்தில் அந்தப் படிவங்களை நிரப்புவதற்கே ஒரு பெண்பிள்ளை இருந்தார். கார் எங்களிடம் வருகிறது, அதை அடக்கம் செய்ய வைத்த காசு அங்கேயே நின்றுவிடுகிறது.

கோண்டாவிலான்

நாகோயா அண்ணை, ஷீட் கிடைத்தது. அலுமாரியில் அம்மாவின் காணி உறுதிக்குள் செருகியிருந்தது. நீங்கள் வட்டம் போட்டு அனுப்பிய கட்டத்தைப் பார்த்தேன், மீள்சுழற்சிக் காசு, சில ஆயிரம் யென். பத்து வருடமாக அது ஏதோ கிலோமீற்றர் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய காசு இல்லை. ஆனால் இந்தக் காரின் கடைசி நாளுக்கென்றே ஒருவர் அதை எண்ணி வைத்திருக்கிறார். கப்பல் ஏறும் நேரத்தில் யாரோ அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருக்கிறார்.

அதனால் என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். 85 சதவீதம் என்று நாங்களும் ஒரு எண்ணை எழுதி வைப்பதில் பிரயோசனம் இல்லை. யப்பான் கார் ஏற்கனவே அதைத் தாண்டியிருக்கும், ஆனாலும் என் முற்றத்தில் நிற்கிறது. அரசாங்கம் கேட்கவேண்டியது அந்தக் காசை. பழைய கார் ஏற்றுபவர் திரும்பப் பெற்ற தொகையைக் காரோடு சேர்த்து அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்தில் இறக்காதே. ஓட்டோக்காரர் சிரிப்பது கேட்கிறது. பொதுத் திறைசேரிக்குள் போட்டால் அவர் சொன்னபடிதான் நடக்கும். செசி இலக்கத்தின் பேரில் வைக்கவேண்டும். அந்த இலக்கத்துக் காரின் காஸையும் பற்றரியையும் ஒழுங்காகக் கழற்றிப் பதிவை நீக்கியவருக்கு மட்டும் கொடுக்கவேண்டும். இணுவில் அண்ணையைப் போன்ற ஒருவருக்கு.

இப்போது சீனத்துப் பிஒய்டி கொம்பனியின் மின்சாரக் கார்களும் இறங்குகின்றன. அவற்றின் பற்றரியில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை, இரும்புப் பொஸ்பேற் வகை. நெருப்புக்குப் பயம் குறைவு, நல்லதுதான். ஆனால் பழைய சாமானாக விற்கப் போனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் வாங்குவார்? கட்டலிற்றிக் கொன்வேட்டரும் கிடையாது. இரும்புக்காரர் குனிந்து பார்க்கக்கூட மாட்டார். அந்தக் கார்கள் வந்து இறங்கும் இந்த நேரத்திலேயே கேட்டால்தான் உண்டு.

இணுவில் அண்ணை, இந்த ஞாயிறு வர முடியுமா? பற்றரி உங்களுக்கு. பம்பரும் உங்களுக்கு.

இணுவில் கராஜ்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறேன், வெயில் ஏற முதல் முடிக்கவேண்டும். காஸை இழுக்கும் மெசின் திருநெல்வேலியில் ஒரு பொடியனிடம் இருக்கிறது, அவனையும் கூட்டி வருவேன். மரத்துக்குக் கீழே பழைய தகரம் விரித்து, ஐந்து லீற்றர் கான் மூன்று கழுவி வையும். ஒரு சொட்டு நிலத்தில் விழக்கூடாது.

கோழிக்கூட்டுக்குக் கதவு வேண்டுமென்றால் இப்போதே சொல்லும், பின்கதவு இரண்டும் நல்லாய் இருக்கிறதா?