ஸ்பான் என்றால் முட்டையா, குஞ்சா?

கேள்வி: புதுக்குட்டை
வணக்கம். பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு கெண்டை மீன்கள் விடப்போகிறேன். விலைப்பட்டியலில் ஸ்பான், ஃப்ரை, ஃபிங்கர்லிங் என்று போட்டிருக்கிறார்கள். அகராதியில் ஸ்பான் என்றால் மீன் முட்டையிடுவது என்று இருக்கிறது. முட்டையையா வாங்கி விடுவது? காளான் வளர்க்கும் பக்கத்து வீட்டு அக்காவும் ஸ்பான் வாங்கினேன் என்கிறார். மகனோ கேமில் செத்தால் ‘ரீஸ்பான் ஆயிட்டேன்’ என்கிறான்!

பதில்: குஞ்சுப்பொரிப்பகத்தான்
தம்பி, முட்டையை யாரும் விற்க மாட்டார்கள். கெண்டை முட்டை 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பிறகு மூன்று நாள் வயிற்றில் ஒட்டிய கருவுணவுதான் சாப்பாடு. அது கரைந்து, 6 – 8 மில்லிமீட்டரில் நீந்தத் தொடங்குவதைத்தான் நாங்கள் ஸ்பான் என்கிறோம். வெள்ளைத் தட்டில் அள்ளிப் பாருங்கள். உடம்பு தெரியாது, கண்கள் மட்டும் கறுப்புப் புள்ளியாக ஓடும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

இதை நேராகக் குட்டையில் விட்டால் தண்ணீர்ப் பூச்சிகளே தின்று தீர்த்துவிடும். ஸ்பான் கொஞ்சம் வளர்ந்தால் ஃப்ரை, விரல் நீளத்துக்கு வளர்ந்தால் ஃபிங்கர்லிங். உங்களுக்கு ஃபிங்கர்லிங்தான் சரி, 10 சென்டிமீட்டர் இருக்கும்.

இந்த மீன்கள் தேங்கிய குளத்தில் தானாக முட்டையிடாது. ஒரு காலத்தில் மழைவெள்ளம் ஓடும் ஆற்றில் வலைகட்டிக் குஞ்சு பிடித்தார்கள். வேண்டாத மீனும் சேர்ந்தே வரும். 1957 ஜூலை 10இல் ஒடிசாவில் மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை மீனுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். எங்கள் பிழைப்பே அவர் போட்ட பிச்சை.

பதில்: சிப்பிக்காளான்
காளானில் முட்டையும் கிடையாது, குஞ்சும் கிடையாது. அரைவேக்காடாக வெந்த சோளத்தில் பூஞ்சை இழையைப் படரவிட்டதுதான் ஸ்பான். தமிழில் காளான் வித்து என்போம். மணி முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ தெரிந்தால் அக்காவை வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பதில்: கோடு எழுதுபவன்
கம்ப்யூட்டரில் ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம், இன்னொன்றைக் கிளப்பிவிடுவதும் ஸ்பான்தான். கிளப்பியது பேரன்ட், வந்தது சைல்ட். கேமில் ஆள் முளைக்கும் இடம் ஸ்பான் பாயின்ட். செத்து மறுபடி முளைத்தால் ரீஸ்பான். ஆனால் ஒருவர் பிள்ளையை ஆங்கிலத்தில் ஸ்பான் என்று சொல்லிவிடாதீர்கள் சார், பெரும்பாலும் வசவாகத்தான் படும்.

புதுக்குட்டை
நன்றி அண்ணா. ஃபிங்கர்லிங்கே சொல்லிவிட்டேன். பையை வந்ததும் பிரித்து விடலாமா?

குஞ்சுப்பொரிப்பகத்தான்
கூடாது தம்பி. கட்டவிழ்க்காமல் குட்டையில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். அப்புறம் குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேருங்கள். காலையிலோ சாயங்காலமோ விடுங்கள், உச்சிவெயிலில் வேண்டாம்.