ரஸ்ட் தொகுப்பியும் அந்த ஒரு பிட்டும்

குளக்கட்டு (கிளிநொச்சி):
ரஸ்ட் என்ற நிரல்மொழி பற்றி மாணவர்களுக்கான குறிப்பு ஒன்றை, மாங்குளம் சந்தி என்ற பெயரில் எழுதும் தம்பி நேற்று இங்கே பதிந்திருந்தார். "பெறுமானம் ஒன்றின் உடைமை கைமாறுவதைத் தொகுப்பி தொகுப்பு நேரத்திலேயே முழுவதுமாகக் கண்காணித்துவிடுகிறது, நிரல் ஓடும்போது அதற்காக ஒரு பிட் கூடச் செலவாவதில்லை" என்று அதில் இருக்கிறது. (தொகுப்பி என்பது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி; உடைமை என்பது பெறுமானத்தின் நினைவகத்தை விடுவிக்கும் பொறுப்பு.) பிற்பாதி பிழை. அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் படிக்கும் பிள்ளைகள் இந்த வசனத்தை அப்படியே மனனம் செய்துவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு ஸ்ட்ரிங்கை (எழுத்துகளின் தொடரை) உருவாக்கி, ஓர் இஃப் கிளைக்குள் (நிபந்தனை மெய்யானால் ஓடும் பகுதிக்குள்) மட்டும் அதை வேறொரு சார்புக்குக் கொடுத்துவிடுங்கள். நிரல் அந்தக் கிளைக்குள் போனால் உடைமை கைமாறும், போகாவிட்டால் மாறாது. அடைப்புக்குறி முடியுமிடத்தில் அந்த ஸ்ட்ரிங்கின் நினைவகத்தை விடுவிப்பதா, அப்படியே விட்டுவிடுவதா? எந்தக் கிளை ஓடும் என்பது தொகுப்பிக்குத் தெரியாது. ஆகவே அது ஸ்டாக்கில் (சார்பு ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகத்தில்) மெய், பொய் மட்டும் கொள்ளும் ஒரு பூல் மாறியை ஒளித்து வைத்து, பெறுமானம் கைமாறியதும் அதைப் பொய்யாக்கி, முடிவில் அதைப் பார்த்தே விடுவிக்கிறது. அதற்குப் பெயர் ட்ரொப் ஃப்ளாக். அது ஓடும் நேரத்தில்தான் இருக்கிறது.

மாங்குளம் சந்தி:
அண்ணா, நான் எழுதியது கண்காணிப்பைப் பற்றி. நீங்கள் எழுதியிருப்பது துப்புரவைப் பற்றி. உங்கள் அதே உதாரணத்தில் இஃப் முடிந்த பிறகு அந்த ஸ்ட்ரிங்கை அச்சிட்டுப் பாருங்கள்; ஈ0382 என்ற பிழையுடன் தொகுப்பி மறுத்துவிடும். மறுப்பதற்கு அது எந்த ஃப்ளாக்கையும் பார்ப்பதில்லை. நிரலை எம்.ஐ.ஆர். என்ற இடைநிலை வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொரு மாறிக்கும் அதன் ஒவ்வொரு புலத்துக்கும் (உட்பகுதிக்கும்) தனித்தனியே பாதை வைத்து, கிளைகள் சேருமிடத்தில் "ஏதாவதொரு வழியிலாவது கைமாறியிருக்கக்கூடுமா" என்று பார்க்கிறது. ஒரு வழியில் கைமாறியிருந்தாலே பயன்படுத்த அனுமதி இல்லை. இதில் ஓடும் நேரத்தின் பங்கு எங்கே இருக்கிறது? என் வசனம் சரியானது.

குளக்கட்டு:
தம்பி, "ஒரு பிட் கூட" என்பது உங்கள் சொல், என்னுடையதல்ல. எங்கள் ஊர் வழக்கில் சொல்கிறேன். "விலை வந்தால் மாட்டை விற்றுவிடு" என்று மகனைச் சந்தைக்கு அனுப்புகிறோம். பொழுது சாய்ந்து பட்டியை அடைக்கும்போது அந்த மாடு நம்முடையதா என்று யாரும் ஊகித்துச் சொல்ல முடியாது. மகன் வந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கொப்பியில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கொப்பிதான் ட்ரொப் ஃப்ளாக். உடைமை யாரிடம் என்பதைப் பதிந்து வைத்திருக்கும் கொப்பி கண்காணிப்பில் சேராது என்றால், கண்காணிப்பு என்பதுதான் எது?

இன்னொன்று. 2015 மே மாதம் ரஸ்ட் 1.0 வெளிவந்தபோது அந்தக் குறி கொப்பியில்கூட இருக்கவில்லை, மாட்டின் தோலிலேயே சுடப்பட்டிருந்தது. ட்ரொப் (விடுவிக்கும்போது ஓடும் சார்பு) எழுதப்பட்ட ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்குள்ளும் (பல புலங்களைக் கொண்ட பொருளுக்குள்ளும்) அது ஒளிந்திருந்து அதன் அளவைப் பெருக்கியது. எம்.ஐ.ஆர். வழிக்கு மாறிய பிறகுதான் அது ஸ்டாக்குக்கு இறங்கியது. இல்லாத ஒன்றை இடம்மாற்ற அத்தனை பேர் ஏன் பாடுபட்டார்கள்?

வவுனியா மாணவி:
இருவரிடமும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அது பிட் அல்ல, பூல். ஆகவே ஒரு பைட். மேலும் எல்லா மாறிக்கும் அது உருவாவதில்லை. நிச்சயமாகக் கைமாறியிருந்தால் விடுவிக்கும் கட்டளையே நீக்கப்படும். நிச்சயமாகக் கைமாறாவிட்டால் கேள்வியின்றி விடுவிக்கப்படும். இரண்டும் நிச்சயமில்லாத இடத்தில் மட்டுமே ஃப்ளாக் வரும். அதையும் பல வேளைகளில் தொகுப்பியின் கடைசிக் கட்டமான எல்.எல்.வி.எம். துடைத்துவிடுகிறது. லூப்புக்குள் கொடுத்துவிட்டால், முந்தைய சுற்றில் கைமாறிவிட்டது என்று தொகுப்பியே சொல்லி மறுக்கிறது.

மாங்குளம் சந்தி:
நன்றி தங்கச்சி. பல வேளைகளில் அந்தப் பிட்டும் இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

குளக்கட்டு:
"பல வேளைகளில்" என்பது "ஒரு பிட் கூட இல்லை" என்பதாகாது. அதுவும் பிட் அல்ல, பைட் என்று பிள்ளை சொன்னதையும் நீங்கள் வாசிக்கவில்லை.

நெடுங்கேணி:
நீங்கள் இருவரும் எழுதும் "உடைமை" என்ற சொல்லே பொருந்தவில்லை. போன வருடமே "உரிமை" என்று எழுதச் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. காணி உறுதி கைமாறும்போது காணி நகர்வதில்லை. அவ்வாறே 64 பிட் கணினியில் ஸ்ட்ரிங் கைமாறும்போது சுட்டி, நீளம், கொள்ளளவு என்ற 24 பைட்டுகள்தாம் பிரதியாகின்றன; எழுத்துகள் ஹீப் என்ற நினைவகப் பகுதியில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பழைய உறுதித் தாளும் அழிக்கப்படுவதில்லை, செல்லாமல் போகிறது. மாறுவது உரிமை.

குளக்கட்டு:
ஐயா, உறுதி உவமை நன்று. ஆனால் வன்னியில் எத்தனை குடும்பங்கள் அனுமதிப்பத்திரக் காணியில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். பயிர் செய்யும் உரிமை அவர்களிடம், உடைமை அரசிடம். ரஸ்டில் இரவல் வாங்கிய மாறிக்கும் வாசிக்கும் உரிமை உண்டு. விடுவிக்கும் பொறுப்புத்தான் இல்லை. இரண்டையும் "உரிமை" என்றால் மாணவர் எப்படிப் பிரித்தறிவார்? போன வருடமும் இதையே எழுதினேன். பதில் வரவில்லை.

நெடுங்கேணி:
பதில் எழுதினேன். நீங்கள்தான் அந்த இழையில் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

மாங்குளம் சந்தி:
சொல்லாராய்ச்சியை விடுங்கள். சி பிளஸ் பிளஸ் மொழியில் 2011 முதல் உள்ள மூவ் (கைமாற்றும் கட்டளை) வெறும் வகைமாற்றம்தான்; காலியான பொருளுக்கும் அழிப்பான் ஓடுகிறது, வெறுமையாகிவிட்டதைப் பொருளே சுமக்கிறது. அதனோடு ஒப்பிட்டே "செலவில்லை" என்று எழுதினேன்.

குளக்கட்டு:
அந்த ஒப்பீடு குறிப்பில் ஓரிடத்திலும் இல்லை, இப்போதுதான் வருகிறது. முன்பு ஒரு பயிற்சி வகுப்பில் இதே கேள்வியை எழுப்பியபோது "அது நுணுக்கம், தேவையில்லை" என்று என்னை இருத்திவிட்டார்கள். நுணுக்கம்தான் பாடம். வெக் (வரிசைப் பட்டியல்) ஒன்றின் நடுவிலிருந்து ஒரு பெறுமானத்தை நேரே எடுக்க ஏன் விடுவதில்லை? ட்ரொப் எழுதிய ஸ்ட்ரக்டிலிருந்து ஒரு புலத்தை மட்டும் ஏன் பிரித்தெடுக்க முடியாது? முதலாவதில் எத்தனையாவது இடம் என்பது ஓடும்போதுதான் தெரியும், ஆகவே அதற்கென்று பாதை வைக்க முடியாது. இரண்டாவதில் முழுப் பொருளும் கையில் இருந்தால்தான் அதன் ட்ரொப் ஓட முடியும். கண்காணிப்பின் எல்லையை விடுவிப்பும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. துப்புரவு வேறு என்று நீங்கள் வெட்டிப் போட்ட கோடு அங்கே இல்லை.

ரஸ்ட் தொகுப்பியான ரஸ்ட்சிக்கு, எம்.ஐ.ஆர். வடிவத்தைக் காட்டும் எமிட் மிர் என்ற தெரிவைக் கொடுத்து என் இஃப் உதாரணத்தைத் தொகுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதாத ஒரு பூல் மாறி முதலில் பொய்யாகவும், ஸ்ட்ரிங் உருவானதும் மெய்யாகவும், கொடுத்ததும் மறுபடி பொய்யாகவும் மாறுவது வரி வரியாகத் தெரியும். பார்த்துவிட்டு "ஒரு பிட் கூட" என்ற மூன்று சொற்களையும் நீக்குங்கள்.

மாங்குளம் சந்தி:
பார்த்தேன் அண்ணா. அது விடுவிப்பதற்கான மாறி. குறிப்பு அப்படியே இருக்கும்.

குளக்கட்டு:
அப்படியானால் அந்தக் குறிப்பின் கீழேயே என் உதாரணத்தையும் பதிகிறேன். வாசிக்கும் பிள்ளைகள் இரண்டையும் பார்க்கட்டும்.

நெடுங்கேணி:
பதியும்போது "உரிமை" என்று பதியுங்கள்.