பிடிஎஃப் கோப்புகளைப் படிக்கவும் திருத்தவும் மாற்று மென்பொருள் எது?

சுவடி (கேள்வி):

வணக்கம். பிடிஎஃப் வேலைகளுக்காக இதுவரை ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்திவந்த மென்பொருளை இந்த முறை புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கட்டணம் ஒருபுறம் இருக்க, ஒரு கோப்பைத் திறந்து படிப்பதற்கே அது எடுத்துக்கொள்ளும் நேரமும், திறந்தவுடன் ஓரத்தில் வந்து நிற்கும் விளம்பரங்களும் பொறுமையைச் சோதிக்கின்றன. அலுவலகக் கணினியில் விண்டோஸும் வீட்டில் லினக்ஸும் வைத்திருக்கிறேன்.

நீண்ட அறிக்கைகளைப் படிக்கும்போது வரிகளுக்கு வண்ணமிட்டு ஓரக்குறிப்பு எழுத வேண்டும். அதே கோப்பை மற்றவர்கள் வேறு மென்பொருளில் திறந்தாலும் அந்தக் குறிப்புகள் தெரிய வேண்டும். பக்கங்களைப் பிரிப்பது, சேர்ப்பது, தலைகீழாக ஸ்கேன் ஆனவற்றைத் திருப்புவது ஆகியவை அன்றாட வேலைகள். எப்போதாவது ஒரு தேதியையோ பெயரில் ஓர் எழுத்தையோ மாற்ற நேரும். கோப்புகளில் பெரும்பகுதி தமிழில் உள்ளவை. இவை அனைத்தையும் ஒரே இடத்தில் செய்யக்கூடிய இலவச மென்பொருள், இயன்றால் திறமூல மென்பொருள், ஏதேனும் உண்டா?

மைக்கூடு:

ஒரே இடத்தில் என்ற நிபந்தனையைத் தளர்த்திக்கொண்டால் உங்கள் தேடல் எளிதாகிவிடும். 1993இல் அடோபி வெளியிட்ட பிடிஎஃப் வடிவம் 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாகிவிட்டதால், அதைக் கையாளும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வேலையில்தான் கைதேர்ந்தது.

வெறும் வாசிப்புக்கு விண்டோஸில் சுமத்ரா பிடிஎஃப் போதும். மிகச் சிறியது, கண்மூடித் திறப்பதற்குள் கோப்பு திறந்துவிடும். குறிப்பெழுத ஓகுலரைப் பரிந்துரைக்கிறேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கிடைப்பதால் இரு கணினிகளிலும் ஒரே பழக்கத்தைத் தொடரலாம். வண்ணமிடுதலும் ஓரக்குறிப்பும் தரத்தில் வரையறுக்கப்பட்டவை என்பதால், கோப்பிலேயே சேமித்தால் மற்ற மென்பொருள்களிலும் அவை தெரியும். ஒரு கோப்பில் குறிப்பிட்டுச் சேமித்து, அதை வேறொன்றில் திறந்து பார்த்துவிட்டு முழுமையாக மாறுங்கள். அவசரத்துக்குப் பயர்பாக்ஸ் உலாவியிலேயே எழுத்து சேர்க்கவும் கையால் வரையவும் முடியும்.

பக்க வேலைகளுக்கு பிடிஎஃப் அரேஞ்சர். பக்கங்களின் சிறுபடங்கள் வரிசையாகத் தெரியும். சுட்டியால் இழுத்து இடம் மாற்றலாம், திருப்பலாம், நீக்கலாம், மற்றொரு கோப்பிலிருந்து இழுத்துச் சேர்க்கலாம். கட்டளைவரி (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் முறை) பழக்கமானவராக இருந்தால் கியூபிடிஎஃப் அதே வேலையை நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே மூச்சில் செய்யும். இரண்டுமே பக்கத்தின் உள்ளடக்கத்தை மறுபடி படமாக மாற்றுவதில்லை. ஆகவே தெளிவு குறைவதில்லை.

திறவுகோல்:

மைக்கூடு தொடாமல் விட்ட எழுத்துத் திருத்தத்தில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. பிடிஎஃப் கோப்புக்குள் பெரும்பாலும் பத்தி என்ற ஒன்று கிடையாது. இந்த எழுத்து வடிவத்தை இந்தப் பக்கத்தில் இந்த இடத்தில் வை என்ற கட்டளைகளே வரிசையாக இருக்கின்றன. அதனால் ஒரு சொல்லை நீட்டினால் அடுத்த சொல் தானாக நகராது. மேலும், கோப்பின் அளவைக் குறைப்பதற்காக எழுத்துருவில் அந்த ஆவணத்துக்குத் தேவையான வடிவங்களை மட்டுமே பொதிந்து வைப்பது வழக்கம். ஆவணத்தில் எங்குமே 'ஞ' வரவில்லை என்றால், நீங்கள் புதிதாகத் தட்டும் 'ஞ' வேறு எழுத்துருவில் ஒட்டுப்போட்டது போலத் தோன்றும்.

தமிழில் இன்னொரு படி கூடுகிறது. 'கொ' என்பது ஒருங்குறியில் (யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில்) 'க' என்ற எழுத்தும் அதைத் தொடரும் உயிர்க்குறியும்தான். பக்கத்திலோ கொம்பு, க, கால் என்று மூன்று வடிவங்களாக, பார்வைக்குரிய வரிசையில் வைக்கப்படுகிறது. எந்த வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்ற அட்டவணை கோப்பில் சரியாக இல்லாவிட்டால், நகலெடுத்து ஒட்டும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. தேடினாலும் சொல் அகப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரான கோப்புகளிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளே சிதறி விழும். இந்தக் குறை கோப்பினுடையது. கட்டண மென்பொருளுக்கு மாறினாலும் தீராது.

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் தொகுப்பின் வரைகருவியான டிராவில் பிடிஎஃப்பைத் திறக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு தேதியை மாற்ற அது கைகொடுக்கும், தமிழ்ப் பக்கத்திலோ பெரும்பாலும் எழுத்துகள் உடைந்துபோகும். தவறான இடத்தின்மேல் வெள்ளைக் கட்டம் வைத்து, அதன்மேல் சரியான சொல்லை எழுதுவது தற்காலிக வழி. அடியில் பழைய சொல் அப்படியே இருக்கும்.

என் கருத்தில், திருத்தம் மூலக்கோப்பில்தான் நடக்க வேண்டும். நீங்களே தயாரிக்கும் ஆவணங்கள் என்றால், லிப்ரே ஆபீஸில் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும்போது கலப்பு பிடிஎஃப் என்ற தெரிவைக் குறியிடுங்கள். மூல ஆவணமும் அதே கோப்புக்குள் பொதிந்திருக்கும். பின்னர் லிப்ரே ஆபீஸில் திறந்து வழக்கம்போலத் திருத்தலாம்.

சுவடி:

இருவருக்கும் நன்றி. வெள்ளைக் கட்டத்தைப் பற்றிப் படித்ததும் ஓர் ஐயம் எழுந்தது. பிறருக்கு அனுப்பும் முன் சில ஆவணங்களில் முகவரி, கணக்கு எண் ஆகியவற்றின்மேல் கருப்புக் கட்டம் வைத்து மறைப்பது எங்கள் வழக்கம். அதுவும் இப்படித்தானா? ஸ்கேன் செய்த பழைய பக்கங்களில் தேடுவதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

திறவுகோல்:

ஆம், அதே கதைதான். கட்டத்தின்மேல் சுட்டியை இழுத்து நகலெடுத்து, வெற்றுக் குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். கணக்கு எண் முழுதாக வந்து விழக்கூடும். லிப்ரே ஆபீஸின் கருவிகள் பட்டியலில் மறைத்து நீக்குவதற்கென்றே ஒரு வசதி 6.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. அது பக்கங்களைப் படங்களாக்கி, மறைத்த பகுதியை நிரந்தரமாக நீக்கிய பிறகே ஏற்றுமதி செய்கிறது. இத்தகைய ஆவணங்களை இணையத்தில் இலவசமாகத் திருத்தித் தரும் தளங்களில் ஏற்ற வேண்டாம். கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியேறிவிடுகிறது. மின்னணுக் கையொப்பம் இட்ட கோப்புகளிலும் கை வைக்காதீர்கள். உள்ளடக்கத்தை மாற்றினால் கையொப்பம் செல்லாததாகிவிடும்.

மைக்கூடு:

ஸ்கேன் பக்கங்களுக்கு ஓசிஆர்மைபிடிஎஃப் இருக்கிறது. டெஸரேக்ட் என்ற எழுத்துணரியைக் கொண்டு பக்கத்தைப் படித்து, படத்தோடு கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்க்கும். தமிழுக்கான மொழித் தரவைத் தனியாக நிறுவி, இயக்கும்போது தமிழ், ஆங்கிலம் இரண்டையும் குறிப்பிட வேண்டும். கட்டளைவரிக் கருவி என்பதால், முதலில் வீட்டிலுள்ள லினக்ஸில் முயல்வது எளிது. மங்கிய அச்சில் பிழைகள் மலியும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் நேராக ஸ்கேன் செய்த பக்கங்களில் தேடுவதற்குப் போதுமான அளவுக்கு வரும். பக்கங்களை பிடிஎஃப் அரேஞ்சரில் நேராகத் திருப்பிய பிறகே இதை இயக்குங்கள்.