கோத்தகிரிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி: இரண்டாம் பருவப் புதுப்பிப்பு

கழிப்பறைக் கதவும் ஒழுகும் கூரையும் பற்றிப் போன பருவத்தில் எழுதியிருந்தேன். கதவு மாட்டியாச்சு. கூரைதான் இழுபறி. ஐப்பசி மழையில் மூன்றாம் வகுப்புக்குள் சத்துணவு அண்டாவை வைத்துத் தண்ணீர் பிடித்தோம். பாடத்தைவிட சொட்டுச் சத்தம்தான் பலமாகக் கேட்டது. பொறியாளர் அளந்துவிட்டுப் போனார், மதிப்பீடு வரவில்லை. தீர்மானம் போட்டு மறுபடி அனுப்பியிருக்கிறோம்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். சரி, வேலைநாள் காலையில் கூட்டம் வைத்தால் கொழுந்து பறிக்கும் அம்மாக்கள் கூலியை விட்டுவிட்டா வருவார்கள்? இனி சாயங்காலம், இலை எடை போட்டபிறகுதான் கூட்டம்.

காலை உணவில் குறையில்லை. அப்புறம், ஜனவரியில் உறைபனி கொட்டும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரோடு குல்லாவும் போட்டு அனுப்புங்கள்.