உதவி: கொல்லம் 1114-ஆம் ஆண்டுக் காசை ஏலத்திலிருந்து தூக்கிவிட்டார்கள், அக்கவுண்டும் கட்டுப்பாட்டில்

தக்கலை சக்கரம்:

எல்லோருக்கும் வணக்கம். திருவிதாங்கூர் காசு, தபால்தலை, பழைய அஞ்சல் கவர் இவற்றை வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் விற்றுவருகிறேன். தளத்தின் பெயர் வேண்டாம். அங்கே விற்கிறவர்களுக்கு இதைப் படித்தாலே தெரிந்துவிடும்.

இத்தனை நாளும் கண்டுகொள்ளாத விதிகளை எல்லாம் இப்போது ஒரே மூச்சில் அமல்படுத்துகிறார்கள். எனக்கு வந்த நோட்டீசில் மூன்று விஷயம் இருக்கிறது.

முதலாவது, என் காசு லிஸ்டிங்குகள் ஒட்டுமொத்தமாக நீக்கம். காரணம் 'தொல்பொருள், ஏற்றுமதிக் கட்டுப்பாடு'. அதில் சித்திரைத் திருநாள் மகாராஜா படம் போட்ட 1114 செம்புச் சக்கரமும் 1116 வெள்ளிப் பணமும் உண்டு (சக்கரம், பணம் இரண்டும் திருவிதாங்கூர்க் காசு வகைகள்). ஆண்டு போடாத, சங்கு முத்திரை போட்ட சங்குக் காசுகள் சிலவும் உண்டு. 1114 என்பது கேரளப் பக்கத்து ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு. நம் கணக்கில் அது 1938-39. எங்கள் தாத்தா பள்ளிக்கூடம் போன காலத்துக் காசு எப்படித் தொல்பொருள் ஆகும்?

இரண்டாவது, விற்பனையாளர் தரம் கீழே போய்விட்டது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவுக்குத் தபாலில் பார்சல் எடுப்பதை நிறுத்தினார்கள் அல்லவா, அப்போது முடிந்த ஏலங்களை நானே ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். காரணப் பட்டியலில் பொருத்தமாக எதுவும் இல்லை. அதனால் 'பொருள் கைவசம் இல்லை' என்பதை அழுத்தினேன். அவை எல்லாம் என் குறையாகக் கணக்கில் ஏறியிருக்கின்றன.

மூன்றாவதுதான் எரிச்சல். மார்த்தாண்டத்தில் இருக்கும் என் மச்சானும் காசு சேர்ப்பவர். என் ஏலத்தில் அவர் கேட்டதை 'ஆள் வைத்து விலை ஏற்றியது' என்று எழுதியிருக்கிறார்கள். மனுஷன் ஜெயித்த ஏலத்துக்கு முழுக் காசும் கொடுத்து வாங்கியிருக்கிறார்!

வர வேண்டிய தொகையையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதற்கு முதலில் முறையீடு போடுவது? மனைவி பெயரில் புது அக்கவுண்ட் தொடங்கு என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

குளச்சல் கடலோரம்:

மக்கா, இதே கதைதான் எனக்கும். கமிஷன் எடுக்கும்போது நாம் 'மதிப்புக்குரிய விற்பனையாளர்', பிரச்சினை என்றால் ரோபோ பதில். வாங்குகிறவன் பொய் சொன்னாலும் அவன் பக்கம்தான். நாம் அவனுக்கு ஒரு நெகட்டிவ் ஃபீட்பேக்கூடக் கொடுக்க முடியாது. எல்லோரும் சேர்ந்து ஒரு வாரம் லிஸ்டிங் போடாமல் இருந்தால்தான் புத்தி வரும்.

நாணயப் பெட்டி (நாகர்கோவில்):

கடலோரம் தம்பி, அதையும் செய்து பார்த்தாயிற்று. 2008-இல் ஈபே கட்டணத்தையும் ஃபீட்பேக் முறையையும் மாற்றியபோது விற்பவர்கள் பிப்ரவரியில் புறக்கணிப்பு நடத்தினார்கள். ஆனாலும் அந்த மே மாதம் முதல் விற்பவர் வாங்குபவருக்கு நெகட்டிவ் கொடுக்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். இன்றுவரை திரும்பவில்லை. கோபம் நியாயம்தான், ஆனால் தக்கலைக்காரரின் பணம் அதனால் வெளியே வராது.

தக்கலைத் தம்பி, மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பாதீர்கள். மூன்றும் மூன்று வேறு இடத்துச் சமாச்சாரம். ஒன்று நாட்டுச் சட்டம், இன்னொன்று விற்பனையாளர் தரக் கணக்கு, மூன்றாவது தளத்தின் சொந்த விதி. சேர்த்து எழுதினால் வாசிப்பவர் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடுவார்.

காசிலிருந்து வருவோம். தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972-இன்படி நூறு ஆண்டு ஆன நாணயம் தொல்பொருள். கையெழுத்துச் சுவடி போன்றவற்றுக்கு 75 ஆண்டே போதும். தொல்பொருளை மத்திய அரசோ அது அனுமதித்த அமைப்போ தவிர யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இதைத் தளம் நேற்று கண்டுபிடிக்கவில்லை. சட்டம் எப்போதும் இருக்கிறது, அவர்கள் இப்போதுதான் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களிடம் சண்டை போட்டு ஜெயித்தாலும் சுங்கத்தில் பிடித்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

ஆனால் உங்கள் 1114 விஷயம் வேறு. தலைப்பில் என்ன எழுதியிருந்தீர்கள்? வெறும் '1114' என்றா?

தக்கலை சக்கரம்:

ஆமாம் அண்ணாச்சி. 'திருவிதாங்கூர் ஒரு சக்கரம் 1114 அரிய பழங்காலக் காசு' என்று இருந்தது. 'ஆண்டு' என்ற கட்டத்திலும் 1114-தான் போட்டேன்.

நாணயப் பெட்டி (நாகர்கோவில்):

நினைத்தேன். தளத்தின் கண்ணுக்கு நீங்கள் குலோத்துங்க சோழன் காலத்துக் காசு விற்கிறீர்கள்! கி.பி. 1114-இல் அவர்தான் ஆண்டுகொண்டிருந்தார். அதோடு 'பழங்காலம்' என்று வேறு. இதைச் சல்லடை போடுவது பெரும்பாலும் மென்பொருள். அதற்குக் கொல்லம் ஆண்டு எங்கே தெரியப்போகிறது?

இனிமேல் ஆண்டுக் கட்டத்தில் 1938 அல்லது 1939 என்று போடுங்கள். கொல்லம் ஆண்டு ஆவணி ஒன்றில் பிறப்பதால் இரண்டு ஆங்கில ஆண்டில் விழும். விளக்கத்தில் மட்டும் 'கொல்லம் 1114' என்று எழுதுங்கள். முறையீட்டில் நாலு வரி போதும்: காசின் மேல் உள்ள ஆண்டு கொல்லம் ஆண்டு, அது 1938-39-க்குச் சமம், ஆட்சி செய்தவர் 1931-இல் பொறுப்பேற்ற சித்திரைத் திருநாள், ஆகவே நூறு ஆண்டு ஆகவில்லை. காசின் இரு பக்கப் படமும், நாணய அட்டவணைப் புத்தகத்தின் அந்தப் பக்கப் படமும் சேர்த்து விடுங்கள். சொந்தக் கதை, சோகக் கதை வேண்டாம்.

சங்குக் காசுகளை விட்டுவிடுங்கள். ஆண்டு இல்லாத காசின் வயதை நீங்கள் எப்படிக் காட்டுவீர்கள்? முந்தைய மகாராஜா மூலம் திருநாள் 1924-இல் காலமானார், அவர் காலத்தில் அடித்தது என்றால் நூறு தாண்டிவிட்டது. அதற்குப் பிந்தையது என்று உங்களால் நிரூபிக்க முடியாது. இந்தியாவுக்குள் விற்கலாம் என்றால்கூட, தொல்பொருளை வியாபாரமாகச் செய்ய அதே சட்டத்தில் உரிமம் கேட்கிறார்கள். அதை விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

2025 ஆவணியில் பிறந்தது கொல்லம் 1201. ஆக ஆண்டு போட்ட காசில் 1101-ஐ ஒட்டி வருவதெல்லாம் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் கோடு நகரும்.

முக்கடல் சிப்பி (கன்னியாகுமரி):

காசுக்காரர்களுக்காவது முறையீடு என்று ஒன்று இருக்கிறது. நான் சிப்பி, சங்கு அலங்காரப் பொருள் விற்கிறேன். நாட்டிலஸ் என்ற கடல் உயிரினத்தின் ஓட்டில் செய்த விளக்கு ஒன்றைப் போட்டதற்கு லிஸ்டிங்கைத் தூக்கினார்கள். கடற்கரைக் கடைகளில் பல ஆண்டாகத் தொங்குவதுதானே என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நாட்டிலஸ், கொம்புத் தலைக்கவசச் சங்கு, ராட்சதச் சிப்பி வகைகள் சிலவற்றை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்த்துவிட்டார்களாம். அதாவது புலியும் யானையும் இருக்கும் அட்டவணை. பிறகு 2017 முதல் நாட்டிலஸுக்கு, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டஸ் என்ற சர்வதேச ஒப்பந்தக் கட்டுப்பாடும் வந்திருக்கிறது.

அதனால் நான் தளத்தைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, கைவசம் உள்ள ஒவ்வொரு வகையின் பெயரையும் எழுதி வனத்துறையில் கேட்டுக்கொண்டுதான் இப்போது போடுகிறேன். ஆனால் ஒரு குறை எனக்கு இன்னும் உண்டு. சாதாரணச் சோழி மாலையையும் அதே வேகத்தில் தூக்குகிறார்களே! கடல் பொருள் என்றாலே சந்தேகம்.

அகஸ்தீஸ்வரம் தபால்:

தரக் கணக்கு பற்றி நான் சொல்கிறேன், காரணம் எனக்கும் அடி விழுந்தது. எங்கே விற்றாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான், ஈபே விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 20-ஆம் தேதி தரம் பார்ப்பார்கள். குறை விகிதம் 2 சதவீதத்தைத் தாண்டினால் கீழ்த்தரம். உயர் தரத்துக்கு 0.5 சதவீதம். மூன்று மாதத்தில் 400 விற்பனை இல்லாதவர்களுக்குக் கடந்த 12 மாதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நம்மைப் போல் கொஞ்சமாக விற்பவர்களுக்கு இதுதான் வினை. ஆயிரம் விற்பவருக்கு நாலு ரத்து தூசு, ஐம்பது விற்பவருக்கு அதுவே 8 சதவீதம்.

'கைவசம் இல்லை' என்று விற்பவர் ரத்து செய்தால் அது நேரடிக் குறை. வாங்கியவர் கேட்டு ரத்து செய்தால் குறை இல்லை. அதற்காக அவர் கேட்காமலே 'வாங்கியவர் கேட்டார்' என்று போடாதீர்கள், அது தனிக் குற்றம். அந்த நேரத்தில் வாங்கியவர்களுக்குச் செய்தி அனுப்பி, 'தபால் நின்றிருக்கிறது, காத்திருக்கிறீர்களா, ரத்து வேண்டுமா' என்று கேட்டிருந்தால் பாதிப் பேர் தாங்களே ரத்து கேட்டிருப்பார்கள். இனி வரும் காலத்துக்குச் சொல்கிறேன்.

முறையீட்டுக்கு உங்களிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்கா 800 டாலர் வரையான பார்சலுக்குத் தந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்தது. அதனால் இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அங்கே போகும் பொருட்களை ஏற்பதை நிறுத்தி, அக்டோபர் 15-இல்தான் மறுபடி தொடங்கியது. இரண்டுக்கும் அரசு அறிவிப்பு இருக்கிறது. அதை இணைத்து, ரத்து செய்த ஏலங்களின் எண்ணையும் தேதியையும் கொடுத்து, 'இவை என் கட்டுப்பாட்டில் இல்லாதவை' என்று கேளுங்கள். அந்தத் தேதிகளுக்கு வெளியே ஏதாவது இருந்தால் அதைச் சேர்க்காதீர்கள், மொத்தமும் கெடும்.

இன்னொன்று, அக்டோபரில் மறுபடி தொடங்கியபோது அமெரிக்கப் பார்சலுக்கு அந்த நாட்டு வரியை இங்கே புக்கிங் செய்யும்போதே வாங்கத் தொடங்கினார்கள். ஏலத் தொடக்க விலையில் அதை யோசித்துப் போடுங்கள்.

குழித்துறை பாலம்:

மனைவி பெயரில் புது அக்கவுண்ட் தொடங்குங்கள் அண்ணே. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஒரு தொந்தரவும் இல்லை.

நாணயப் பெட்டி (நாகர்கோவில்):

இதுவரை தொந்தரவு இல்லை என்று சொல்லுங்கள். அதே வீட்டு முகவரி, அதே இணைய இணைப்பு, அதே படத்துப் பின்னணித் துணி. கட்டுப்பாட்டில் இருக்கும்போது இன்னொரு அக்கவுண்டில் விற்றால் இரண்டையும் சேர்த்து நிரந்தரமாக மூடுவார்கள். தக்கலைத் தம்பிக்கு இப்போது இருப்பது கட்டுப்பாடு மட்டும். அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மச்சான் விஷயத்துக்கும் இதுவே பதில். அவர் உண்மையிலேயே வாங்கினார் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஆனால் விதி எண்ணத்தைப் பார்ப்பதில்லை, உறவைப் பார்க்கிறது. குடும்பத்தார், கூட இருப்பவர், நண்பர், வேலைக்காரர் யாரும் நம் ஏலத்தில் கேட்கக் கூடாது. காசு கட்டி வாங்கினாலும் அவர் கேட்டதால் மற்றவர் விலை ஏறியிருக்கும் அல்லவா? மச்சானுக்கு வேண்டும் என்றால் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு வாங்கிக்கொண்டு போகட்டும். இதற்கு முறையீடு போடாதீர்கள். 'விதி புரிந்தது, அவர் இனி என் ஏலங்களில் கேட்கமாட்டார், அவர் அக்கவுண்டை என் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்' என்று மட்டும் எழுதுங்கள்.

தக்கலை சக்கரம்:

மச்சானைத் தடைப் பட்டியலில் சேர்ப்பதா? வீட்டில் தெரிந்தால் எனக்குச் சோறு கிடைக்காது. சரி, சேர்க்கிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவரை உறவு என்பதற்காகத் தடுப்பது அநியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

தபால்தலை பற்றியும் கேட்க வேண்டும். 1888-இல் வந்த முதல் சங்குத் தலைகள் சில கையில் உண்டு. அவற்றை இன்னும் தூக்கவில்லை. நானே எடுத்துவிட வேண்டுமா?

அகஸ்தீஸ்வரம் தபால்:

சட்ட வரையறையில் நாணயத்தைப் பெயர் சொல்லிப் போட்டிருக்கிறார்கள், தபால்தலையைச் சொல்லவில்லை. ஆனால் 'வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள்' என்று அகலமான ஒரு வாசகம் இருக்கிறது. அதனால் நூறு தாண்டிய தலைகளை நான் வெளிநாட்டுக்கு விடுவதில்லை. சந்தேகமான பொருளுக்கு மத்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் கேட்கலாம். ஐந்து டாலர் தலைக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. திருவிதாங்கூர் அஞ்சல் 1951-இல் இந்தியத் தபாலோடு சேரும்வரை ஓடியது, கடைசி இருபது ஆண்டுத் தலைகளே விற்கப் போதும்.

தக்கலை சக்கரம்:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும். தனித்தனியாக அனுப்பினேன். 1114, 1116 இரண்டையும் கொல்லம் ஆண்டு விளக்கத்துக்குப் பிறகு திரும்ப அனுமதித்தார்கள். சங்குக் காசுகளை நானே எடுத்துவிட்டேன். தபால் நின்ற காலத்து ரத்துகளில் பெரும்பகுதியைக் கணக்கிலிருந்து கழித்தார்கள், ஆகஸ்ட் 25-க்கு முந்தைய ஒன்று மட்டும் நிற்கிறது. மச்சான் விவகாரத்தில் எச்சரிக்கை பதிவில் இருக்கும் என்றார்கள். பணத்தை அடுத்த தர மதிப்பீட்டுக்குப் பிறகு விடுவிப்பார்களாம்.

குழித்துறை அண்ணே, நீங்களும் அந்த இரண்டாவது அக்கவுண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழித்துறை பாலம்:

இன்று காலையில் அடையாளச் சான்று கேட்டு மெயில் வந்திருக்கிறது. நாணயப் பெட்டி அண்ணாச்சி, கொஞ்சம் தனிச் செய்தி பாருங்கள்.