10-க்கு 16 அடிக் கூடத்தில் 14 பேரை அமர வைத்த அனுபவம்

மடிப்பாக்கம், சென்னை:

தங்கையைப் பெண் பார்க்க வந்த நாளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது, இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. மாப்பிள்ளை வீட்டார் 9 பேர் வந்திருந்தார்கள். மூவர் அமரும் பெரிய சோபாவும் இரண்டு ஒற்றைச் சோபாக்களும் நிறைந்துவிட, சாப்பாட்டு மேசையின் நாற்காலிகள் நான்கையும் தூக்கி வந்து நடைவழியில் போட்டோம். காபித் தட்டுடன் வந்த அம்மாவுக்கு வழிவிட அந்த நாற்காலிகளில் இருந்த நால்வரும் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. அப்பா ஒரு மணி நேரத்துக்கு மேல் படுக்கையறைக் கதவின் நிலையில் சாய்ந்து நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார். "நீங்களும் உட்காருங்களேன்" என்று மாப்பிள்ளையின் தாத்தா இரண்டு முறை சொன்னார். அப்பா சிரித்துச் சமாளித்தார். அவர் உட்காருவதற்கு அந்தக் கூடத்தில் இடமே இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சம்பந்தம் கூடி வந்து, நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே நடத்துவதென்று முடிவானபோது, இன்னும் சில நாற்காலிகளை வாடகைக்கு எடுக்கலாம் என்றுதான் நான் முதலில் சொன்னேன். அம்மா அதற்கு உடன்படவில்லை. கூடத்தில் இருந்த அத்தனையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படுக்கையறைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, கோலமாவு டப்பாவை எடுத்து வந்து, ஒவ்வொரு பொருளும் தரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை அளந்து கோடு போட்டுப் பார்த்தார். அன்றுதான் எங்கள் கூடத்தின் கணக்கு எனக்கு விளங்கியது.

பெரிய சோபாவின் நீளம் 7 அடி. ஒற்றைச் சோபாக்கள் ஒவ்வொன்றும் 3 அடி. ஆக, 13 அடி நீளமுள்ள இருக்கைகளில் அமர்ந்தவர்கள் 5 பேர் மட்டுமே. கைப்பிடி ஒவ்வொன்றும் 8 அங்குல அகலம் கொண்டது. மூன்று சோபாக்களுக்கும் சேர்த்து ஆறு கைப்பிடிகள் என்றால் 48 அங்குலம், அதாவது முழுதாக 4 அடி, கைப்பிடிக்கே போய்விடுகிறது. ஒருவர் நெருக்கமின்றி அமர 22 அங்குலம் போதும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேர் உட்கார வேண்டிய இடத்தைப் பஞ்சும் துணியும் பிடித்துக்கொண்டிருந்தன. அகலவாக்கில் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. ஒரு பக்கம் 3 அடி ஆழமுள்ள சோபா, எதிர்ப்பக்கம் அதே ஆழமுள்ள ஒற்றைச் சோபா, நடுவில் 2 அடி அகல டீப்பாய் என்று 8 அடி போய்விட, 10 அடி அகலக் கூடத்தில் மிஞ்சியது 2 அடிதான். டீப்பாயின் இரு புறமும் ஓர் அடி வீதம். அதற்குள் காலை நீட்டவும் வேண்டும், ஆள் நடக்கவும் வேண்டும்.

டீப்பாயை எடுத்துவிடுவது என்பது முதல் முடிவு. ஒற்றைச் சோபாக்களில் ஒன்றையும், ஒன்றரை அடி ஆழமுள்ள ஷோகேஸையும் படுக்கையறைக்கு அனுப்பிவிட்டு, தொலைக்காட்சியைச் சுவரில் பொருத்தினோம். வாசல் கதவு திறந்து மூட 3 அடி விட்டு, வலப்பக்க நீளச் சுவரை ஒட்டிப் பெரிய சோபாவையும், அதற்கு அடுத்தாற்போல், மாடி அறையில் கிடந்த 6 அடித் திவானையும் போட்டோம். அந்தச் சுவர் அப்படியே 16 அடியும் பயன்பட்டது. எதிர்ச்சுவரில் சன்னலுக்குக் கீழே 5 அடி நீளமும் 15 அங்குல அகலமும் கொண்ட மர பெஞ்ச் ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். சுவரே முதுகுச் சாய்வாகிவிட்டது. தொலைக்காட்சிக்கு முன்னே, விசேஷ நாளில் மட்டும், கைப்பிடி இல்லாத மடக்கு நாற்காலிகள் நான்கு. உட்பக்கக் குறுஞ்சுவரில் மிஞ்சிய ஒற்றைச் சோபா. சோபாவில் மூவர், திவானில் மூவர், பெஞ்சில் மூவர், மடக்கு நாற்காலியில் நால்வர், ஒற்றைச் சோபாவில் ஒருவர் என்று 14 பேருக்கு இடம் கிடைத்தது. சோபாவுக்கும் பெஞ்சுக்கும் இடையே ஐந்தேமுக்கால் அடி இருந்ததால், இரு பக்கமும் காலுக்கு ஒன்றரை அடி விட்ட பிறகும், நடுவில் ஒருவர் தட்டுடன் தாராளமாக நடந்து போக முடிந்தது.

இருக்கைகளை இப்படி 'ப' வடிவில் அமைக்கும்போது மூலைகளைக் கவனிக்க வேண்டும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒற்றைச் சோபாவைத் திவானோடு முட்டும்படி முதலில் போட்டிருந்தோம். ஒத்திகையாக நானும் தங்கையும் உட்கார்ந்து பார்த்தபோது, இருவரின் முழங்கால்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சோபாவை ஓர் அடி தள்ளிப் போட்டு, அந்த இடைவெளியில் ஒரு முக்காலியை வைத்தோம். டீப்பாய் இல்லாவிட்டால் தம்ளரை எங்கே வைப்பது என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேள்விக்கு அந்த முக்காலியும், பெஞ்சின் ஓரத்தில் வைத்த இன்னொன்றும் விடையாயின.

நிச்சயதார்த்தத்தன்று நடுவிலே பவானி ஜமக்காளத்தை நீளவாக்கில் மடித்து விரித்து, அதன் மேல் இரு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே அமர்ந்து தட்டு மாற்றிக்கொண்டார்கள். சுற்றி இருந்த அனைவராலும் எழுந்து எட்டிப் பார்க்காமலே அதைப் பார்க்க முடிந்தது. அப்பா உட்கார்ந்திருந்தார்.

மின்விசிறியைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. கூடத்துக்கு ஒரே விசிறி, அதுவும் நட்ட நடுவில். எல்லோரையும் சுவரோரம் நகர்த்திவிட்டதால், வாசல் பக்க மூலையில் அமர்ந்திருந்த மாப்பிள்ளையின் அத்தைக்கு வியர்த்துக் கொட்டியது. சுவரோரம் இருக்கை போடுகிறவர்கள், சுவரில் மாட்டும் விசிறி ஒன்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மதுரை:

சகோதரி, கோலமாவில் கோடு போட்டுப் பார்த்தார் உங்கள் அம்மா என்று படித்ததும் எனக்கு என் அம்மா இறந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் கூடம் உங்களுடையதைவிடச் சற்றுப் பெரியது, 12-க்கு 18 அடி. ஆனாலும் ஏழெட்டுப் பேர் வந்தாலே நெரிசல் என்று நாங்கள் குறைப்பட்டுக்கொண்டே இருந்தோம். அம்மா மறைந்த அன்று, வழக்கப்படி, பங்காளிகள் வந்து கூடத்தில் இருந்த சோபா, அலமாரி, கோப்பைகளை அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் மொட்டை மாடிக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கோரைப் பாயில் சுவருக்கு முதுகு கொடுத்து அமர்ந்தார்கள். ஒரு நேரத்தில் 30 பேருக்குக் குறையாமல் இருந்திருப்பார்கள். அத்தனை பேர் இருந்தும் நடுவில் ஆள் நடக்க இடம் இருந்ததை அப்போது நான் கவனிக்கும் நிலையில் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எடுத்த பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கியபோதுதான் அது உறைத்தது. கண்ணாடிப் பெட்டி உள்ளே வந்ததும் கூடம் ஒரு சுற்றுச் சுருங்கியது. சோபா வந்ததும் இன்னும் சுருங்கியது. அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டேன். கண்ணாடிப் பெட்டியில் இருந்தவை பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய கோப்பைகளும், எவரும் எடுத்துப் பயன்படுத்தாத தேநீர்க் கோப்பை வரிசை ஒன்றும்தான். அவற்றுக்காக நான்கு பேர் உட்காரும் சுவரை விட்டுக்கொடுத்திருந்தோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. ஏனென்றால், அம்மாவைப் பார்க்க வருகிற அவருடைய தோழிகள், உட்கார இடமில்லை என்று வாசல் படியிலேயே பேசிவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு.

கிராமத்து வீட்டை விற்றபோது கொண்டுவந்திருந்த 6 அடி வேப்பம்பலகைகள் இரண்டு என்னிடம் இருந்தன. தச்சரிடம் கொடுத்து, 17 அங்குல உயரத்தில் இரண்டு பெஞ்சுகளாக்கி, அடியில் பாய்களையும் தலையணைகளையும் வைக்கும்படி பெட்டி அமைத்துக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டி நின்ற சுவரில் இப்போது அவை இருக்கின்றன. பழைய வீடுகளில் திண்ணை இருந்தது; அதை யாரும் இழுக்கவோ நகர்த்தவோ வேண்டியிருக்கவில்லை, எத்தனை பேர் வந்தாலும் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சுவரோரம் போட்ட பெஞ்சு அதே வேலையைச் செய்கிறது. நாற்காலி என்றால் ஒருவருக்குத்தான். பெஞ்சு என்றால் மூவர் இருக்குமிடத்தில் நான்காவதாக ஒரு குழந்தை ஏறிக்கொள்ளும்.

சிங்கப்பூர்:

எங்களுடையது அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்கறை வீடு. தீபாவளியன்று உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் காலையிலிருந்து இரவு வரை அலை அலையாக வருவார்கள். ஒரே நேரத்தில் 20 பேரை அமர வைப்பதைவிட, வந்தவர்கள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சாப்பாட்டு மேசைக்கு நகர வழி இருப்பதுதான் இங்கே முக்கியம் என்பது என் அனுபவம். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கக்கூடிய முதுகில்லா முக்காலிகள் எட்டு வைத்திருக்கிறேன். அவசர காலத்தில் தஞ்சம் புக இங்கே வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும், கனத்த இரும்புக் கதவுள்ள காப்பறையின் மூலையில் அவை ஒரே ஓர் அடுக்காக நின்றுவிடும்.

திவானைப் பற்றி ஒரு கேள்வி, அக்கா. என் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. தாழ்வான இருக்கையில் அமர்ந்தால் இருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. கைப்பிடிகளையெல்லாம் எடுத்துவிட்டால் அவரைப் போன்றவர்கள் என்ன செய்வார்கள்?

மடிப்பாக்கம், சென்னை:

நல்ல கேள்வி, தம்பி. அந்த ஒற்றைச் சோபாவை நாங்கள் விட்டுவைத்ததே அதற்காகத்தான். இரு கைப்பிடிகளையும் ஊன்றி எழுந்திருக்க வேண்டியவர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும், அதுவும் கழிப்பறைக்குப் போகும் பக்கமாகவே இருக்க வேண்டும். எங்கள் சோபாவின் இருக்கை 16 அங்குல உயரம்தான் இருந்தது. தச்சர் நான்கு கால்களுக்கும் அடியில் 2 அங்குல மரக்கட்டைகளை வைத்து உயர்த்திக் கொடுத்தார். கட்டையைச் சும்மா அடியில் வைத்தால் எழுந்திருக்கும்போது சோபா பின்னால் நழுவிவிடும். கட்டையின் மேற்புறத்தில் சோபாக் கால் இறங்கி உட்காரும்படி அரை அங்குலக் குழி செதுக்கச் சொல்லுங்கள், தரையில் படும் பக்கத்தில் ரப்பர்த் தகடு ஒட்டச் சொல்லுங்கள். குழிக்குள் இறங்கும் அரை அங்குலத்தையும் கணக்கில் வைத்து, இரண்டரை அங்குலக் கட்டையாகவே வாங்கிவிடுங்கள்.